குறட்டை குறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்தேன்

என் போனில் 4 நிமிடம் 12 விநாடி ஓடும் ஒரு வீடியோ இருக்கிறது. என் மனைவி ராத்திரி இரண்டரை மணிக்கு எடுத்தது. அறை இருட்டு, அதனால் படமாக ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும்தான். முதலில் குறட்டை வருகிறது, அப்படியே ஏறிக்கொண்டே போகிறது, பிறகு பாதியில் அறுந்ததுபோல் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். முதல் தடவை கேட்டபோது வீடியோ சிக்கி நின்றுவிட்டது என்று நினைத்துத் திரையைத் தட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. 34 விநாடி கழித்து, தண்ணீருக்குள் மூழ்கியிருந்தவன் மேலே வந்து காற்றை வாரி இழுப்பதுபோல் ஒரு சத்தம், ஒரு புரளல், மறுபடி குறட்டை. அந்த 4 நிமிடத்துக்குள் இது ஐந்து தடவை நடக்கிறது.

அந்த நேரம் முழுக்க அவள் என் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். காலையில் சொன்னாள்: "நெஞ்சு ஏறி இறங்குதுங்க, மூச்சு இழுக்கிற மாதிரிதான் இருக்கு. ஆனா மூக்குக்கிட்ட விரல வச்சுப் பார்த்தா காத்தே வரல." பிற்பாடு இதை டாக்டரிடம் அப்படியே சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்றால் என்னவென்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான் என்றார். நெஞ்சு இழுக்கும், காற்று உள்ளே போகாது.

அந்த வீடியோ எடுத்த நாளில் நான் என் ஸ்லீப் ஆப்னியாவை நானே சரிசெய்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். பதினான்கு மாதம் ஒழுங்காக, விடாமல் பாடுபட்டு, வெற்றி பெற்றுவிட்டதாக. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது இதை எழுதக் காரணம் ஒரு நண்பர். எனக்கு இருந்த அதே தொந்தரவுகள் அவருக்கும். "மெஷின் மாட்டிக்கிட்டுத் தூங்கற அளவுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல, எடையக் குறைச்சு, ஒருக்களிச்சுப் படுத்து நானே பார்த்துக்கறேன்" என்று செய்தி அனுப்பியிருந்தார். மெஷின் என்று அவர் சொல்வது, மாஸ்க் வழியாகக் காற்றை அனுப்பும் சிபாப். அவர் சொல்வதில் எதுவும் தப்பில்லை. அத்தனையும் நான் செய்தவை, அத்தனைக்கும் பலன் உண்டு. அந்தப் பலன் எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் விட்டது நான் செய்த தவறு. அதை அவரும் செய்துவிடக் கூடாது.

எனக்கு எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் எழும்போது நெற்றி கனக்கும், வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி மூன்று தடவையாவது சிறுநீர் கழிக்க எழுந்திருப்பேன். பகலில் கூட்டங்களில் கண் சொருகும். 44 வயதில் பிபிக்கு ஒரு மாத்திரை போதவில்லை என்று இரண்டாவது மாத்திரை சேர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. தலைவலிக்குக் கணினித் திரை, சிறுநீருக்கு ராத்திரி குடிக்கும் தண்ணீர், தூக்கத்துக்கு வேலைப்பளு, பிபிக்குப் பரம்பரை. இவை நான்கும் ஒரே வேரிலிருந்து வரலாம் என்று தோன்றவே இல்லை.

அந்தச் சிறுநீர் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைச் சர்க்கரை நோயோடு அல்லது புராஸ்டேட்டோடு மட்டும் முடிச்சுப் போடுகிறார்கள். தொண்டை அடைத்த நிலையில் நெஞ்சு பலமாக இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, இதயத்துக்கு வரும் ரத்தம் கூடுகிறது, அதன் அறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, நீரை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனை இதயம் சுரக்கிறது. சிறுநீரகம் ராத்திரியில் வேலை பார்க்க ஆரம்பிக்கிறது. நான் மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்து பார்த்திருக்கிறேன், அப்போதும் மூன்று தடவை எழுந்தேன்.

சரி, நான் என்னவெல்லாம் செய்தேன் என்று சொல்கிறேன். 91 கிலோ இருந்தேன், 85க்கு வந்தேன். டீ-ஷர்ட்டின் முதுகுப் பக்கம் ஒரு சின்னப் பை தைத்து, உள்ளே டென்னிஸ் பந்து போட்டுக்கொண்டு படுத்தேன், மல்லாந்து திரும்பினால் பந்து குத்தும், தானாகவே ஒருக்களித்துவிடுவோம். வார இறுதியில் குடிப்பதை அடியோடு விட்டேன். மூக்கை உப்பு நீரால் கழுவினேன். நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சிகள், தினமும் அரை மணி நேரம்: நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பின்னால் இழுப்பது, உயிரெழுத்துகளை நீட்டிச் சொல்வது, கன்னத்தை உப்பி அழுத்துவது. தலைமாட்டில் குறட்டையைப் பதிவு செய்யும் ஒரு செயலி.

இவற்றில் எதையும் நான் இன்றைக்கும் மட்டமாகச் சொல்ல மாட்டேன். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அந்தப் பகுதியில் எலும்பு கிடையாது, தசையும் சதையும்தான். விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைத்திருக்கின்றன, தூங்கியதும் தளர்கின்றன, அடிநாக்கு பின்னால் சரிகிறது, மேலண்ணத்தின் மென்பகுதி தொங்குகிறது, ஏற்கெனவே குறுகலான தொண்டை மூடிக்கொள்கிறது. கழுத்திலும் நாக்கிலும் சேர்ந்த கொழுப்பு அதை இன்னும் குறுக்குகிறது, மது தசையை இன்னும் தளர்த்துகிறது, மல்லாந்து படுத்தால் நாக்கின் எடையே அடைப்பாகிறது. அதனால் எடை, மது, படுக்கும் நிலை மூன்றும் உண்மையான காரணங்கள், அவற்றை மாற்றுவது உண்மையான மருத்துவம்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பல வருடம் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஒரு குழுவைப் பற்றி 2000ல் வெளிவந்த ஆய்வு, உடல் எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு மூச்சுத் தடைகள் சுமார் 26 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. நாக்குப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை 2015ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது பெரியவர்களுக்கு மூச்சுத் தடைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. டிட்ஜெரிடூ என்று ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் நீண்ட ஊதுகுழல் ஒன்று உண்டு, அதை நான்கு மாதம் வாசித்துப் பழகியவர்களுக்கு மூச்சுத் தடையும் பகல் தூக்கமும் குறைந்தன என்று 2006ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சோதனையே வெளிவந்திருக்கிறது. அதில் கலந்துகொண்டவர்கள் 25 பேர்தான், ஆனால் முறையாகச் செய்த சோதனை.

இதையெல்லாம் நான் அப்போதே படித்திருந்தேன். நம்பிக்கையோடு படித்தேன். பாதியாகக் குறையும் என்றால் எதில் பாதி என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை. அந்த ஆய்வுகளில் இருந்த ஒவ்வொருவருக்கும், ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு தடைப்படுகிறது என்று முதலில் ஒரு எண் இருந்தது, கடைசியில் ஒரு எண் இருந்தது. என்னிடம் ஒரு எண்ணும் இல்லை. 10 வைத்திருப்பவருக்குப் பாதி 5, அவர் கிட்டத்தட்ட வெளியே வந்துவிட்டார். 60 வைத்திருப்பவருக்குப் பாதி 30, அவர் இன்னும் கடுமையான நோயாளி.

என்னிடம் இருந்தது செயலியின் வரைபடம். அதில் சிவப்புப் பட்டைகள் மாதாமாதம் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஒரு ராத்திரியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்த குறட்டை 50 நிமிடத்துக்கு வந்தது. நான் அதைப் படம் எடுத்துக் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பினேன்.

குறட்டை என்பது குறுகிய வழியில் காற்று போகும்போது சதை அதிர்கிற சத்தம். அதிர்வதற்குக் காற்று வேண்டும். வழி முழுக்க மூடிக்கொண்டால் காற்று இல்லை, அதிர்வு இல்லை, சத்தம் இல்லை. என் செயலி சத்தத்தை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது, நான் மூச்சில்லாமல் கிடந்த ஒவ்வொரு அரை நிமிடத்தையும் அது அமைதியான தூக்கம் என்று பச்சை நிறத்தில் குறித்து வைத்திருக்கிறது. அந்தப் பச்சையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இப்போது சில கருவிகள் ஆக்சிஜன் அளவையும் சேர்த்துப் பார்க்கின்றன, அவை டாக்டரிடம் போகத் தூண்டும் அளவுக்கு உதவும். வெறும் குறட்டைப் பட்டையை வைத்து யாரும் முடிவுக்கு வராதீர்கள்.

இன்னொரு சங்கடம், தூங்குகிறவனால் சாட்சி சொல்ல முடியாது. மூச்சு அடைத்ததும் மூளை பதறி எழுப்புகிறது, சில விநாடிகள்தான், தசை விறைக்கிறது, வழி திறக்கிறது, மறுபடி தூக்கம். அவ்வளவு குறுகிய விழிப்பு ஞாபகத்தில் தங்காது. நூறு தடவை எழுந்தவன் காலையில் "நல்லாத் தூங்கினேன்" என்று சத்தியம் செய்வான். பகல் தூக்கமும் அப்படித்தான், வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடுவதால் தெளிவாக இருப்பது என்றால் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடுகிறது. எப்வொர்த் தூக்க அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991ல் வெளியிட்டது, எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, வண்டியில் பயணியாகப் போகும்போது எவ்வளவு தூக்கம் வரும் என்று நாமே மதிப்பெண் போட வேண்டும். 10க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். நான் எனக்கு 7 போட்டேன். வீடியோ எடுத்த மறுநாள் அதே தாளில் என் மனைவி எனக்காக நிரப்பினாள். 15.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் நேரம் வாங்கினேன்.

அதுவரை ஏன் போகவில்லை என்று கேட்டால், பயம்தான். நோயைப் பற்றிய பயத்தைவிட மெஷினைப் பற்றிய பயம் பெரிதாக இருந்தது. முகத்தில் மாஸ்க், தலைக்குப் பின்னால் பட்டை, ஒரு குழாய், வாழ்நாள் முழுக்க. சோதனைக்குப் போனால் அதில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், போகாமல் இருந்தால் நான் இன்னும் நோயாளி இல்லை, இப்படி ஒரு கணக்கு. என் நண்பரின் செய்தியிலும் அதே கணக்கைப் பார்க்கிறேன்.

சோதனை அன்று வலி எதுவும் இல்லை. தலையில் ஐந்தாறு இடத்தில் பசை வைத்து ஒயர் ஒட்டினார்கள், கண் ஓரத்தில், தாடையில், காலில் ஒவ்வொன்று, மூக்குக்குக் கீழே காற்றை அளக்கும் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். இவ்வளவையும் கட்டிக்கொண்டு எப்படித் தூக்கம் வரும் என்று நினைத்தேன், வந்துவிட்டது. எல்லாருக்கும் இவ்வளவு தேவையில்லை, பலருக்கு வீட்டிலேயே ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டு படுக்கும் சின்னக் கருவி போதும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அது முன்பே தெரிந்திருந்தால் முன்பே போயிருப்பேனோ என்னவோ.

ஏஹெச்ஐ என்று ஒரு எண் தருவார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு குறைந்தது அல்லது நின்றது, ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி. 5க்குக் கீழே என்றால் இயல்பு, 5 முதல் 15க்குள் லேசானது, 15 முதல் 30க்குள் நடுத்தரம், 30உம் அதற்கு மேலும் கடுமையானது. எனக்கு 38. ஆறு கிலோ குறைத்து, மதுவை விட்டு, நாக்குப் பயிற்சி செய்து முடித்த பிறகு 38. மல்லாந்து படுத்திருந்த நேரத்தில் மட்டும் 61. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 71 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. நீண்ட தடை 58 விநாடி. ஏழு மணி நேரம் தூங்கினால் 266 தடவை என்று டாக்டர் மேஜையிலேயே பெருக்கிக் காட்டினார்.

ஒவ்வொரு தடவையும் என்ன நடக்கிறது என்று கேட்டேன். ஆக்சிஜன் இறங்குகிறது, உடம்பு ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினைக் கொட்டுகிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, பிபி குதிக்கிறது. ராத்திரி முழுக்க. தூக்கத்தில் இறங்க வேண்டிய பிபி இறங்குவதே இல்லை. வருடங்கள் போகப்போக நிலைத்த பிபி, இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவது, பக்கவாதம். பிபி மாத்திரை இரண்டாவதாக ஏன் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அப்புறம் வண்டி ஓட்டுவது. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு ரயில், மணிக்கு 30 மைல் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 82 மைல் வேகத்தில் போய்த் தடம் புரண்டு நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் தூங்கிவிட்டிருந்தார், அவருக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்ததும் அதுவரை யாரும் கண்டுபிடிக்காததும் விசாரணையில் தெரியவந்தது. அவரும் தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். இதைப் படித்த நாளிலிருந்து, சிகிச்சை பழகும்வரை, குடும்பத்தை வைத்துக்கொண்டு நான் நெடுந்தூரம் ஓட்டவில்லை.

சிபாப் மெஷின் காற்றை லேசான அழுத்தத்தில் மூக்குக்குள் தொடர்ந்து அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. வேலை அவ்வளவுதான். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, அறையில் இருக்கும் காற்றேதான். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதைக் கண்டுபிடித்து 1981ல் லான்செட் மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதற்கு முன்னால் கடுமையான ஆப்னியாவுக்கு நிச்சயமாகப் பலன் தந்த சிகிச்சை, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான். மாஸ்க் எரிச்சலாக இருக்கும்போதெல்லாம் நான் அந்தக் காலத்து நோயாளிகளை நினைத்துக்கொள்வேன்.

எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். முதல் ராத்திரி 40 நிமிடத்தில் கழற்றி எறிந்தேன். வாயையும் மூக்கையும் மூடும் பெரிய மாஸ்க் கொடுத்திருந்தார்கள், கண்ணோரம் காற்று கசிந்து விழி காய்ந்தது. மூன்றாம் நாள் மூக்குத்தண்டில் சிவந்த தழும்பு. ஐந்தாம் நாள் அழுதேன். மெஷினை வாங்கிய இடத்தில் பழகிவிடும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை, அது பதிலே இல்லை. பதில் சொன்னது மருத்துவமனையில் இருந்த ஒரு தொழில்நுட்பப் பணியாளர். மாஸ்க்கை உட்கார்ந்து மாட்டிப் பார்க்கக் கூடாது, படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு மாட்ட வேண்டும், படுத்தால் முகத்தின் சதை வேறு மாதிரி அமைகிறது என்றார். மூக்கை மட்டும் மூடும் சின்ன மாஸ்க்குக்கு மாற்றினார். ஈரப்பதம் சேர்க்கும் தொட்டியை ஓடவிடச் சொன்னார், அதில் காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) நீர் மட்டும். தூங்கும்வரை அழுத்தம் குறைவாக இருந்து மெல்ல ஏறும் வசதி என் மெஷினிலேயே இருந்திருக்கிறது, எனக்கு யாரும் காட்டவில்லை. பகலில் டிவி பார்க்கும்போது ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார், அதுதான் எல்லாவற்றிலும் பெரிய உதவி, ஏனென்றால் என் பயம் ராத்திரியோடு சேர்ந்துதான் வந்துகொண்டிருந்தது.

பதினெட்டாம் நாள் மாஸ்க் ஐந்து மணி நேரம் முகத்தில் இருந்தது. காலையில் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றியது. நெற்றிக் கனம் இல்லை. ராத்திரி ஒரு தடவைகூடச் சிறுநீர் கழிக்க எழவில்லை. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே மனைவியைக் கூப்பிட்டேன்.

சிபாப்புக்கு எதிராகப் பேசுகிறவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் ஒரு ஆய்வு உண்டு, 2016ல் வெளிவந்த சேவ் என்ற பெரிய சோதனை. ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ உள்ளவர்களுக்கு சிபாப் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை என்பது அதன் முடிவு. உண்மைதான். அதே சோதனையில் மெஷினைப் பயன்படுத்தியது சராசரியாக ஒரு ராத்திரிக்கு 3.3 மணி நேரம், பகலில் மிக மோசமாகத் தூக்கம் வருகிறவர்களைச் சேர்க்கவும் இல்லை, அப்படியிருந்தும் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. இதயத்தைக் காக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நான் நம்ப மாட்டேன். எனக்குப் பகல் திரும்பக் கிடைத்தது, வண்டியை நம்பி ஓட்ட முடிகிறது, பிபி மாத்திரை ஒன்றாகக் குறைந்தது. எனக்கு இது போதும்.

மெஷின் ஒன்றுதான் வழி என்பதும் இல்லை, இது தெரியாததால்தான் பலர் டாக்டர் பக்கமே போவதில்லை. லேசான, நடுத்தர ஆப்னியாவுக்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவி இருக்கிறது. டான்சில் பெரிதாக இருந்தால் எடுக்கலாம், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அதுதான் முதல் சிகிச்சை. நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியை உடம்புக்குள் வைக்கிறார்கள், அமெரிக்காவில் 2014லிருந்து அனுமதி. உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற ஊசி மருந்துக்கு 2024 டிசம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. எது யாருக்கு என்பது அந்த எண்ணையும் தொண்டையின் அமைப்பையும் பார்த்த பிறகு சொல்ல வேண்டியது. மூளையே மூச்சு விடச் சொல்ல மறக்கும் வேறொரு வகையும் உண்டு, இதயம் பலவீனமானவர்களுக்கும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள் எடுப்பவர்களுக்கும் வரலாம், அதில் தொண்டை அடைப்பதே இல்லை, நாக்குப் பயிற்சியை வருடக்கணக்கில் செய்தாலும் அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சோதிக்காமல் எது என்று தெரியவே தெரியாது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது போதும் என்ற நிலையும் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எண் 5 முதல் 15க்குள், பகலில் தூக்கம் இல்லை, பிபி இல்லை, இதய நோய் இல்லை என்றால் பல டாக்டர்களே முதலில் எடையையும் படுக்கும் நிலையையும் மாற்றிப் பாருங்கள், சில மாதம் கழித்து மறுபடி அளப்போம் என்கிறார்கள். சிலருக்கு மல்லாந்தால் மட்டும் வரும், பந்து தைத்த சட்டையே அவர்களுக்கு முழுச் சிகிச்சை. நான் சொல்ல வருவது அந்த "மறுபடி அளப்போம்" பற்றித்தான்.

இரண்டை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்குவது இப்போது பரவியிருக்கிறது. மூக்கு அடைத்திருக்கும் ஒருவர், தொண்டை அடைக்கும் ஒருவர், மிச்சம் இருக்கும் ஒரே வழியையும் மூடிக்கொள்வதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அப்புறம் தூக்க மாத்திரை, தூக்கம் சரியில்லை என்று கடையில் கேட்டு வாங்குவது. சில மாத்திரைகள் தொண்டைத் தசையைத் தளர்த்தும், பதறி எழுப்ப வேண்டிய மூளையையும் மந்தமாக்கும்.

ஒல்லியாக இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கில்லை என்று நகர்ந்துவிடக் கூடாது. தாடை சின்னதாகவோ உள்வாங்கியோ இருந்தால் எடையே இல்லாமலும் வரும், ஆசியர்களுக்கு இது அதிகம் என்று டாக்டர்கள் சொல்வதுண்டு. பெண்களும்தான். என் அக்கா குறட்டை விடுவதே இல்லை என்று அத்திம்பேர் சொல்வார். அவளுக்கு இருந்தது தூக்கமின்மை, சோர்வு, காரணமில்லாத அழுகை. மாதவிடாய் நின்ற வயது, அதனால்தான் என்று மூன்று வருடம் ஓட்டினார்கள். அந்த வயதுக்குப் பிறகு பெண்களுக்கு ஆப்னியா கூடுகிறது, குறட்டையைவிடச் சோர்வாகவும் தூக்கமின்மையாகவுமே வெளியே தெரிகிறது. நான் நச்சரித்துச் சோதிக்க வைத்தேன், 22. "இத்தன நாளா நான்தான் மனசு பலவீனமானவள்னு நெனச்சுட்டு இருந்தேன்டா" என்று போனில் சொன்னாள். பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

மெஷின் வந்த பிறகு நான் பழைய முயற்சிகளை விடவில்லை. மெஷின் எடையைக் குறைக்காது, சிலருக்குக் கொஞ்சம் கூடுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் காலையில் நடப்பதற்கு உடம்பில் தெம்பு இருந்தது, முன்பு அது இல்லாமல்தான் இழுத்துக்கொண்டு நடந்தேன். பதினாறு மாதத்தில் மேலும் ஐந்து கிலோ, 80க்கு வந்தேன். நாக்குப் பயிற்சி தொடர்கிறது. போன மாதம் மெஷின் இல்லாமல் மறுபடி சோதித்தார்கள். 17. ஒருக்களித்த நிலையில் 8. ஆக்சிஜன் 86க்குக் கீழே இறங்கவில்லை. 38லிருந்து 17க்கு வந்தது அந்த ஐந்து கிலோவும் பயிற்சியும் செய்த வேலை, அதில் எனக்குப் பெருமை உண்டு. 17 என்பது இன்னும் நடுத்தரம், அதனால் மாஸ்க் இருக்கிறது, பல் கருவி பொருந்துமா என்று அடுத்து பார்க்கிறோம். இந்தத் தடவை அளந்து, தெரிந்து செய்கிறேன்.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதவில்லை, வீடியோவை மட்டும் அனுப்பினேன். உங்கள் வீட்டில் ஒரு ராத்திரி இதேபோல் எடுக்கச் சொல்லுங்கள், குறட்டையைக் கேட்காதீர்கள், நடுவில் வரும் இடைவெளியை எண்ணுங்கள் என்றேன்.

போன வாரம் நடுராத்திரியில் மின்சாரம் போய் மெஷின் நின்றது. மூக்கில் காற்று நின்றதும் விழித்துக்கொண்டு மாஸ்க்கைக் கழற்றினேன். இருட்டில் நெஞ்சின்மேல் ஒரு கை இருந்தது. எனக்கு முன்பே எழுந்துவிட்டாளாம், மெஷின் சத்தம் நின்றதுமே. "எழுந்து அந்தச் சட்டையப் போட்டுக்கங்க" என்றாள். பந்து தைத்த அந்தப் பழைய டீ-ஷர்ட் அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்தது. தடவி எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். மின்சாரம் வரும்வரை அவள் தூங்கவில்லை.